1961 ஜாகுவார் ஈ-டைப்: பழுது பார்ப்பது எப்படி, மதிப்பிடுவது எப்படி?

தூசிமூடியகார் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். இப்போது கேட்டே ஆக வேண்டிய நிலை.

என் பெரியப்பா காலமான பிறகு, அவருடைய கொட்டகையில் நின்றிருந்த கார் என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டு ஜாகுவார் ஈ-டைப், 3.8 லிட்டர் எஞ்சின், துணிக் கூரை போட்ட திறந்த வகை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சாலையைப் பார்க்கவில்லை. நான்கு டயர்களும் தரையோடு ஒட்டிப்போயின. எஞ்சின் இறுகிவிட்டது. இடது பக்கத் தளத்தில் என் உள்ளங்கை நுழையும் அளவுக்கு ஓட்டை. ஆனால் பொருள்கள் பெரும்பாலும் இருக்கின்றன. இருக்கைத் தோல் வெடித்திருக்கிறது, கிழியவில்லை. டாஷ்போர்டின் நடுப்பகுதியில் புள்ளி புள்ளியாக அச்சிட்ட அலுமினியத் தகடு அப்படியே இருக்கிறது.

வெளியே சிவப்பு. கதவைத் திறந்தால் விளிம்பிலும், பின்பெட்டிக்குள்ளும், பானட்டின் அடியிலும் மினுமினுக்கும் கரும்சாம்பல். சிவப்பு, பெரியப்பா எழுபதுகளில் அடிக்கச் சொன்னது.

ஒரு பட்டறையில் கேட்டேன். உடலை முழுதாகக் கழற்றி, மணல் பீய்ச்சித் துருவெல்லாம் எடுத்து, புது வண்ணம் அடித்து, தொழிற்சாலையிலிருந்து நேற்று வந்ததுபோல் ஆக்கித் தருவதாகச் சொன்னார்கள். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கரும்சாம்பல் விளிம்பைத் தொட்டுப் பார்த்தபோது மனம் ஒப்பவில்லை.

இன்னொன்று: பெரியப்பாவுக்கு இரண்டு மகள்கள். காரை நான் வைத்துக்கொள்ள அக்காக்கள் இருவரும் சம்மதித்துவிட்டார்கள். அவர்களுக்குரிய பங்கைக் குறையில்லாமல் கொடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதற்கு இதன் நியாயமான மதிப்பு தெரிய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

ஈயப்பூச்சு எழுதியது:

தம்பி, முதலில் அந்தப் பட்டறைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிறகு நிதானமாகப் பேசலாம்.

நான் நாற்பது ஆண்டுகளாகத் தகட்டு வேலை செய்பவன். ஈ-டைப் உடலில் தகடுகள் சேரும் இடங்களைத் தொழிற்சாலையிலேயே ஈயம் உருக்கி நிரப்பி, அரத்தால் ராவிச் சமன் செய்தார்கள். மணல் பீய்ச்சினால் அந்த ஈயம் அரிபடும். பெரிய மெல்லிய தகடுகள் நெளியும். பானட்டில் அந்த நெளிவு வந்துவிட்டால், அதை மறைக்கப் பட்டி மேல் பட்டி அப்புவதைத் தவிர வேறு வழி இருக்காது.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று. இந்தக் காரின் முன்பாதி தனி உடல் அல்ல. சதுரக் குழாய்களைப் பித்தளைப் பற்றுவைத்துச் செய்த சட்டம், போல்ட் போட்டு உடலோடு பிணைத்தது. சேஸி எண்ணைக் குத்தியிருப்பது அந்த முன்சட்டத்தின் குறுக்குப் பகுதியில், ஷாக் அப்சார்பர் பிடிமானத்துக்கு மேலே. குழாய்கள் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். அவசரக்காரர்கள் பழைய சட்டத்தைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதைப் பொருத்துவார்கள். காரின் பெயரே அந்தக் குப்பையோடு போய்விடும். என்னிடம் அப்படி ஒரு கார் வந்தது. வேறொரு பட்டறை பளபளவென்று முடித்துக் கொடுத்திருந்தது. பானட்டைத் தூக்கி முன்சட்டத்தில் விரலை ஓட்டிப் பார்த்தேன், வழுவழுவென்று இருந்தது. எண் இல்லை. பழைய சட்டம் எங்கே என்று கேட்டால், இரும்புக் கடைக்குப் போய் இரண்டு ஆண்டாகிவிட்டது என்றார்கள். அந்த உரிமையாளரின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதனால் நீங்கள் இப்போது செய்ய வேண்டியது கழற்றுவது அல்ல, படிப்பது. சேஸி எண் சொன்ன இடத்தில். எஞ்சின் எண், பிளாக்கின் வலப்பக்கம் ஆயில் ஃபில்டருக்கு மேலே ஒன்று, சிலிண்டர் ஹெட்டின் முன்புறம் இன்னொன்று. கியர்பெட்டி எண், பெட்டியின் பின்மூலைத் தோளிலும் மேல்மூடியிலும். உடல் எண், எஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் இடையிலுள்ள முன்தடுப்பின் வலப்பக்கம் சிறு தகட்டில். மெல்லிய துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடையுங்கள், கம்பித் தூரிகை வேண்டவே வேண்டாம். எஞ்சின் எண்ணின் முடிவில் 8 அல்லது 9 இருக்கும், அது அழுத்த விகிதம். அதையும் சேர்த்து எழுதுங்கள்.

கூடவே மூன்று கேள்விகள். பானட் பூட்டு வெளியிலா உள்ளேயா? பானட்டின் மேலுள்ள காற்றுத் துவாரப் பட்டைகள் அதே தகட்டில் அழுத்தி எடுத்தவையா, தனித் தகடாகப் பற்றவைத்தவையா? ஓட்டுநர் கால் வைக்கும் தளம் சமமா, குழிந்ததா?

தூசிமூடியகார் எழுதியது:

நன்றி ஐயா. பூட்டு வெளியில், இரு பக்கமும். திறக்கும் டி வடிவச் சாவி பின்பெட்டிக் கருவிப் பையில் இருக்கிறது. தளம் சமம். பானட்டை அடியிலிருந்து விளக்கடித்துப் பார்த்தேன். துவாரப் பட்டைகளைச் சுற்றிப் பற்றவைப்புப் பொட்டுகள் வரிசையாகத் தெரிகின்றன. எண்களை இந்த வாரக் கடைசியில் பார்த்துச் சொல்கிறேன்.

விலைத்தராசு எழுதியது:

இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால், நண்பரே, உங்கள் கையில் இருப்பது சாதாரண ஈ-டைப் அல்ல.

ஈ-டைப் 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் வெளியானது. 1974 வரை 72,000-க்கும் மேல் செய்தார்கள். ஆகவே ஈ-டைப் என்ற பெயருக்கு மட்டும் அரிதென்ற மதிப்பு கிடையாது. 3.8 லிட்டர் கார்கள் மட்டும் 15,000-க்குச் சற்று மேல். அவற்றிலும் வெளிப்பூட்டுக் கார்கள் ஏறக்குறைய முதல் 500 மட்டுமே. ஓட்டுபவர்களுக்குக் கால் நீட்ட இடமில்லை என்ற குறை வந்ததால் 1962 தொடக்கத்தில் தளத்தைக் குழித்தார்கள். 1964-இல் 4.2 லிட்டர் வந்தது. ஓட்டுவதற்கு அதுதான் எல்லா வகையிலும் சுகம்: நல்ல கியர்பெட்டி, நல்ல பிரேக், நல்ல இருக்கை. இருந்தும், சேகரிப்பவர்கள் முழங்கால் இடிக்கும் சமத்தளக் காருக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். வடிவமைத்தவர்கள் முதலில் நினைத்தது எது என்பதற்கு அந்தக் கார்தான் சாட்சி என்பதால் அப்படி.

மதிப்பு பற்றி ஒரு வார்த்தை. விளம்பரங்களில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். கேட்பது வேறு, கொடுத்தது வேறு. ஏலங்களில் விற்று முடிந்த விலையை மட்டும் எடுங்கள். அதிலும் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தரும் கட்டணம் சேர்ந்ததா, சேராததா என்று பார்த்துப் பிரியுங்கள். அதே ஆண்டு, அதே உட்பிரிவு, இதே போன்ற நிலை. மூன்று நான்கு கார்கள் கிடைத்தாலே போதும்.

ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்ட் என்ற அமைப்பு தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து சான்றிதழ் தருகிறது. சேஸி, எஞ்சின், உடல், கியர்பெட்டி எண்கள், முதலில் அடித்த வண்ணம், உள்தோலின் நிறம், செய்து முடித்த நாள் எல்லாம் அதில் வரும். இன்றைக்கே விண்ணப்பியுங்கள். அது இல்லாமல் நான் ஒரு எண் சொன்னால், ஏதோ குறி சொல்வதுபோலத்தான் இருக்கும்.

நெடுஞ்சாலை எழுதியது:

எல்லோரும் சேர்ந்து தம்பியைப் பயமுறுத்துவதுபோல் எனக்குத் தோன்றுகிறது. மாற்றுக் கருத்து ஒன்று சொல்ல அனுமதியுங்கள்.

நானும் ஒரு 3.8 வைத்திருக்கிறேன். முழுதாகக் கழற்றிப் புதுப்பித்த கார். ஆண்டுக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறேன். மூன்று எஸ்.யூ. கார்புரேட்டரும் ஒத்திசைந்து நிமிடத்துக்கு 3,500 சுற்றைத் தாண்டும்போது அந்த எஞ்சின் எழுப்பும் குரலைக் கேட்க வேண்டும். அதற்காகத்தான் அந்தக் காரைச் செய்தார்கள். தளத்தில் ஓட்டை இருக்கும் கார் பாதுகாப்பில்லாத கார். அடித்தளமும் பக்கவாட்டுப் பெட்டித் தகடுகளும்தான் இந்த உடலுக்கு முதுகெலும்பு, தனிச் சேஸி கிடையாது. அது துருப்பிடித்தால் கதவு திறக்கும்போதே இடைவெளி மாறும். வெட்டித்தான் ஆக வேண்டும், புதுத் தகடு வைத்துத்தான் ஆக வேண்டும். அப்படியிருக்க, மேலே உள்ள வண்ணத்துக்கு மட்டும் ஏன் இத்தனை பயபக்தி? அதுவும் அந்தச் சிவப்பு முதல் வண்ணம்கூட இல்லை.

ஈயப்பூச்சு எழுதியது:

தளத்தை வெட்ட வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. துருத் தின்ற தகட்டை எடுத்தே தீர வேண்டும். ஆனால் துருத் தின்ற அளவுக்கு மட்டும். ஒரு சாண் ஓட்டைக்காக முழுத் தளத்தையும் தூக்கி எறிவதுதான் இன்றைய வழக்கம், ஏனென்றால் ஆயத்தத் தகடு வாங்கி வைப்பது எளிது. நல்ல பகுதியை விட்டுவைத்து ஒட்டுப்போட நேரமும் கையும் வேண்டும். இன்னொன்று, வெட்டும் முன் கதவு நிற்கும் வாசலுக்குக் குறுக்கே முட்டுக் கொடுத்து இறுக்க வேண்டும். அது இல்லாமல் வெட்டிய திறந்த கார்கள் வாழைப்பழம்போல் வளைந்து என்னிடம் வந்திருக்கின்றன.

பழம்வண்ணம் எழுதியது:

நான் அருங்காட்சியக வாகனங்களின் வண்ணப் பூச்சையும் தோலையும் பாதுகாக்கும் வேலை செய்கிறேன். நெடுஞ்சாலை கேட்ட கேள்வி நியாயமான கேள்வி, அதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும்.

உலோகத்தைப் புதிதாகச் செய்யலாம். தோலைப் புதிதாகத் தைக்கலாம். 1961-இல் ஒரு தொழிலாளி துப்பாக்கியைப் பிடித்து அடித்த அந்தப் படலத்தை மட்டும் இனி யாராலும் செய்ய முடியாது. அதில் அவருடைய கைவேகம் இருக்கிறது, விளிம்பில் வழிந்த சொட்டு இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத மூலையில் பூச்சு மெலிந்திருப்பது இருக்கிறது. இன்று புதுப்பிக்கும் கார்களில் அடியிலும் உள்மூலையிலும்கூட கண்ணாடி போன்ற பூச்சு. தொழிற்சாலை அப்படி ஒருபோதும் அடிக்கவில்லை. நிஜக் காரைவிட நன்றாக இருப்பதும் ஒரு பிழைதான். நாளை ஒருவர் உண்மையில் எப்படி அடித்தார்கள் என்று அறிய விரும்பினால், எதைப் பார்ப்பார்? இந்தத் தம்பியின் கொட்டகையில் நிற்கும் இதைப் போன்ற ஒன்றைத்தான்.

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா, டூரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டிருக்கிறது. இருப்பதை அப்படியே காப்பது, மேலும் கெடாமல் நிலைநிறுத்துவது, இல்லாததை மீட்டுச் செய்வது: இந்த மூன்றையும் அது வேறுவேறாகப் பிரிக்கிறது. முதல் இரண்டுக்கும் வழியில்லாத இடத்தில்தான் மூன்றாவது. செய்ததை எழுதி வைக்க வேண்டும் என்பதும், ஒரு வாகனத்தின் ஆயுளில் நேர்ந்த மாற்றங்களும் அதன் வரலாறே என்பதும் அதில் உண்டு. அந்த வகையில் பெரியப்பாவின் சிவப்பும் வெறும் அழுக்கு அல்ல.

சந்தையும் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது. 2015-இல் பாரிஸில் பையோன் குடும்பத்தின் கொட்டகைக் கார்களை ஏலம் விட்டபோது, தூசியைக்கூடத் துடைக்கவில்லை. பழைய பத்திரிகைக் குவியலின் அடியில் கிடந்த ஒரு ஃபெராரி கலிபோர்னியா ஸ்பைடர் ஒன்றரைக் கோடி யூரோவைத் தாண்டிப் போனது. 2024-இல் அமெரிக்காவின் பெபிள் பீச் கார் கண்காட்சியில் முதற்பரிசு 1934-ஆம் ஆண்டு பூகாட்டி டைப் 59 ஸ்போர்ட்ஸ் காருக்கு. ஒரு காலத்தில் பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டின் கார் அது. கீறலும் வெடிப்புமாக, புதுப்பிக்காத நிலையில் வந்து நின்றது. அந்தப் போட்டியின் வரலாற்றில் அப்படி ஒரு கார் முதற்பரிசு வாங்கியது அதுவே முதல் தடவை.

தூசிமூடியகார், ஒரு சோதனை செய்து பாருங்கள். பின்பெட்டி மூடியின் கீழ்விளிம்பில், யாரும் பார்க்காத இடத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு மட்டும். 2,000 எண் நீர் உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, விரலால் அல்லாமல் சிறு ரப்பர்க் கட்டையில் சுற்றி, மிக மெதுவாகத் தேயுங்கள். மர வளையம்போல் படலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். சிவப்பின் அடியில் நேராகக் கரும்சாம்பலா, நடுவில் பிரைமரா, கரும்சாம்பலை அன்றைக்குச் சொரசொரப்பாகத் தேய்த்துவிட்டார்களா என்று பார்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு நகத்தளவில்தான் எல்லா முடிவும் இருக்கிறது.

ஆறுசிலிண்டர் எழுதியது:

வண்ணத்தைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எஞ்சினைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது, ஏனென்றால் ஆர்வக் கோளாறில் எஞ்சின்கள் சாவது அதிகம்.

பேட்டரி இணைத்து ஸ்டார்ட்டரைத் தட்டிப் பார்க்கவே கூடாது. அதோடு, 3.8 ஈ-டைப்பில் நேர்முனைதான் உடலோடு இணைந்தது, இன்றைய கார்களுக்கு நேர்மாறு. பழக்கத்தில் மாற்றி இணைத்தால் டைனமோவுக்குக் கேடு.

ஆறு பிளக்குகளையும் கழற்றுங்கள். சிறு குழாய்க் கேமரா கிடைத்தால் உள்ளே பாருங்கள், எந்த சிலிண்டரில் துரு என்று தெரியும். ஒவ்வொன்றிலும் ஊடுருவும் எண்ணெய் விட்டு மூடி வையுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை மீண்டும் விடுங்கள். ஒரு மாதம் ஆகட்டும், இரண்டு மாதம் ஆகட்டும். பிறகு கிராங்க் முனையில் நீண்ட ஸ்பானர் போட்டு, முன்னும் பின்னும் ஒரு நூலளவு அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள், மீண்டும் எண்ணெய்.

அசைந்த பிறகும் ஓட்டிவிடாதீர்கள். இந்தக் காரிலுள்ள எக்ஸ்.கே. வகை எஞ்சினில் இரும்பு பிளாக், அலுமினிய ஹெட். பிளாக்கின் பின்பக்கம் தண்ணீர் ஓடும் பாதையில் சேறு படிந்து கல்லாகியிருக்கும், கடைசி சிலிண்டர்களுக்குக் குளிர்ச்சியே போகாது. ஹெட்டைப் பிடிக்கும் நீண்ட திருகுகள் தண்ணீர் பாதை வழியாகப் போவதால் துருவேறி ஹெட்டோடு ஒன்றிவிடும். நெம்பினால் ஹெட் போய்விடும். திருகைச் சுற்றி எண்ணெய் விட்டு, வாரக்கணக்கில் காத்திருந்து எடுத்தவர்களைத்தான் எனக்குத் தெரியும். செயினைக் கழற்றிய நிலையில் கேம் தண்டுகளைத் தன்னிச்சையாகச் சுழற்றக் கூடாது, உள்வால்வும் வெளிவால்வும் ஒன்றோடொன்று மோதி வளையும்.

பின்பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தில் அல்ல, நடுவில் டிஃபரென்ஷியலை ஒட்டி இருக்கும். அதை ஒழுங்காகச் செய்யப் பின்சஸ்பென்ஷன் முழுவதையும் கூண்டோடு இறக்க வேண்டும். இறக்கும்போது அதன் போல்ட்டுகளையெல்லாம் பெட்டியில் கொட்டாதீர்கள். எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தின் பெயரை எழுதி உறையில் போடுங்கள். போல்ட் தலையில் இருக்கும் முத்திரையும் அதன் பழைய முலாமும்கூட அசலுக்குச் சான்று. பிரேக் கட்டைத் தூளில் கல்நார் இருக்கும், ஊதித் துடைக்காமல் ஈரத்துணியால் எடுங்கள்.

ஒரு சின்ன மகிழ்ச்சிக்கும் வழி சொல்கிறேன். டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் உடல்களைத் துடைத்துப் பாருங்கள். லூகாஸ் நிறுவனம் மாதத்தையும் ஆண்டையும் குத்தியிருக்கும். கண்ணாடிகளின் மூலையில் டிரிப்ளெக்ஸ் முத்திரை இருக்கும். எழுத்துகளுக்கு மேலும் கீழும் உள்ள நுண்புள்ளிகள் அந்தக் கண்ணாடி எந்த ஆண்டு, எந்தக் காலாண்டு என்று சொல்லும். எல்லாத் தேதிகளும் கார் செய்த நாளுக்குச் சற்று முன்னால் வந்து நிற்க வேண்டும். நின்றால், அந்தப் பாகங்கள் அன்றிலிருந்து அந்தக் காரிலேயே இருக்கின்றன என்று பொருள்.

தூசிமூடியகார் எழுதியது:

வாரக் கடைசி முழுவதும் கொட்டகையில்தான் இருந்தேன்.

சேஸி எண் இருக்கிறது, தெளிவாக. பிளாக் எண்ணும் ஹெட் எண்ணும் ஒன்றே, முடிவில் 9. உடல் எண் தகடும் இருக்கிறது. டைனமோவில் 1961-இன் நடு மாதம் ஒன்று. முன்கண்ணாடி மட்டும் பிற்காலத்தது.

கியர்பெட்டி எண்தான் அடையாளத் தகட்டில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை. பார்த்ததும் நெஞ்சு சுருங்கியது. பெரியப்பாவின் கோப்பில் தேடினேன். 1968-இல் ஒரு ரசீது: முதல் கியர் உடைந்து, கியர்பெட்டியைக் கொடுத்து வேறொன்று வாங்கியிருக்கிறார். பழையது போனது போனதுதான்.

இன்னொன்றும் கிடைத்தது. வலது கதவின் உள்பலகையைக் கழற்றியபோது, அதன் பின்புறத்தில் மெழுகுப் பென்சிலால் யாரோ எழுதிய எண். உடல் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள். 7-ஐ நடுவில் கோடு போட்டு எழுதியிருக்கிறார். எழுதியவரின் கை ஒரு இடத்தில் வழுக்கி, கோடு இழுபட்டிருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இருட்டுக்குள் இருந்த எழுத்து. நான் அதன் மேல் மூச்சுகூட விடாமல் படம் எடுத்துவிட்டு, பலகையைத் துணியில் சுற்றி வைத்தேன்.

நெடுஞ்சாலை எழுதியது:

அந்தப் பென்சில் எழுத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கே ஏதோ செய்தது, ஒத்துக்கொள்கிறேன். என் காரைப் புதுப்பித்தபோது பழைய பலகைகளை எரித்துவிட்டோம். அவற்றின் பின்புறத்தை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

ஆனால் கேள்வி இருக்கிறது. கியர்பெட்டி வேறு, முன்கண்ணாடி வேறு, வெளிவண்ணம் வேறு, தளத்தில் பாதி புதுத் தகடாகப் போகிறது. இதற்குப் பிறகும் இதை அசல் என்று எப்படிச் சொல்வீர்கள்?

விலைத்தராசு எழுதியது:

இந்தக் கேள்விக்கு ஒரு நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது.

பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் வகையில் ஓல்ட் நம்பர் ஒன் என்று ஒரு கார். 1929-இலும் 1930-இலும் லெ மான் பந்தயத்தை வென்றது. பின்னர் அதன் சேஸி, எஞ்சின், உடல் எல்லாம் கட்டம் கட்டமாக மாறின. ஒரு கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தமானபோது, இது அந்தக் கார் அல்ல என்று வாங்குபவர் மறுத்தார். வழக்கு 1990-இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி ஒவ்வொரு பாகமாக ஆராய்ந்தார். வென்ற நாளில் இருந்த பொருள்களில் மிகச் சிலவே மிச்சம். ஆகவே அசல் கார் என்ற சொல் இதற்குப் பொருந்தாது என்றார். ஆனால் அந்தக் கார் ஒருநாளும் கலைந்துபோகவில்லை, அதற்குப் போட்டியாக இன்னொன்று அந்தப் பெயரைக் கோரவும் இல்லை, தொடர்ச்சி அறவே அறுபடவில்லை, எனவே இதுவே உண்மையான ஓல்ட் நம்பர் ஒன் என்று தீர்ப்பளித்தார். விற்றவர் வென்றார்.

ஆக, அசல் என்பது வேறு, உண்மை என்பது வேறு. உங்கள் காரில் கியர்பெட்டி அசல் அல்ல. ஆனால் ஏன் அசல் அல்ல, எப்போது மாறியது என்பதற்கு ரசீது இருக்கிறது. ரசீது இல்லாத மாற்றத்தைப் பார்த்தால் வாங்குபவர் சந்தேகப்படுவார், சந்தேகத்துக்கும் சேர்த்து விலையைக் குறைப்பார். ரசீது இருந்தால் கியர்பெட்டிக்கு மட்டும் குறைப்பார். என் அனுபவத்தில் எஞ்சின் எண் ஒத்துப்போகாததுதான் பெரிய அடி. கியர்பெட்டி அதற்கு வெகு கீழே.

இனி பங்கு விஷயம். மூன்று எண்களைத் தனித்தனியாகக் குறியுங்கள். இன்றிருக்கும் நிலையில், ஓடாத காராக, யாராவது எடுத்துப்போனால் என்ன கிடைக்கும் என்பது ஒன்று. ஓடும் நிலைக்கு வந்தால் என்ன என்பது இன்னொன்று. முழுதாகப் புதுப்பித்து விற்றால் என்ன என்பது மூன்றாவது. அக்காக்களுக்குரிய பங்கு முதல் எண்ணிலிருந்துதான் வர வேண்டும், ஏனென்றால் அவர்கள் விட்டுக்கொடுப்பது அதைத்தான். முதல் எண்ணுக்கும் மற்ற இரண்டுக்கும் இடையில் கிடப்பது உங்கள் பணமும் உழைப்பும். மூன்றாவது எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். முழுப் புதுப்பிப்பு ஆயிரம் மணி நேரத்தை எளிதாகத் தாண்டும் வேலை. பெரும்பாலும் செலவழித்தது விலையில் திரும்பாது. உங்கள் காரில் முதல் எண்ணே உயரமாக இருப்பதால் அந்த இடைவெளி இன்னும் சுருங்கும். தொடாத காரைத் தேடுபவர்கள் இன்று அதிகம், தொடாத கார்களோ ஆண்டுக்காண்டு குறைகின்றன.

மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். மதிப்பிடுபவர் காரை வாங்க விரும்பாதவராக, விற்றுத் தருவதாகச் சொல்லாதவராக இருக்கட்டும். அதை வைத்தே காப்பீட்டை முன்கூட்டி ஒப்புக்கொண்ட தொகைக்கு எடுங்கள். சாதாரணக் காப்பீட்டில் இதைப் பழைய கார் என்று தேய்மானம் போட்டுவிடுவார்கள்.

தூசிமூடியகார் எழுதியது:

அக்காக்கள் இருவரிடமும் இதை அப்படியே படித்துக் காட்டினேன். பெரிய அக்கா, அப்பா அந்த ரசீதையெல்லாம் ஏன் சேர்த்து வைத்தார் என்று இப்போதுதான் புரிகிறது என்றார்.

நகத்தளவு சோதனையும் முடிந்தது, பழம்வண்ணம் அக்கா. ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். தண்ணீர் முதலில் சிவப்பாக வடிந்தது. பிறகு மங்கலான இளஞ்சிவப்பு. பிறகு எதுவுமே வடியாத ஒரு கணம். துடைத்துப் பார்த்தால் கரும்சாம்பல், உள்ளே வெள்ளித் தூளோடு. நடுவில் பிரைமர் இல்லை. இன்று சான்றிதழும் வந்தது: ஓபலசென்ட் கன்மெட்டல் என்று போட்டிருக்கிறது. பானட்டின் இடப்பக்கத்தில் மட்டும் அதே சோதனையில் மஞ்சள் பட்டி தெரிகிறது. அங்கே எப்போதோ அடிபட்டிருக்கிறது.

பழம்வண்ணம் எழுதியது:

பிரைமர் போடாமல், கரும்சாம்பலின் மேல் நேராகச் சிவப்பு அடித்திருக்கிறார்கள். வேலை செய்தவரின் அவசரம் உங்களுக்கு வரமாக முடிந்திருக்கிறது. பின்பெட்டி மூடி, கதவுகள், பின்பக்கம் ஆகியவற்றில் சிவப்பை மட்டும் கையால் எடுத்துக் கரும்சாம்பலை வெளிக்கொண்டுவர வாய்ப்பு இருக்கிறது. ஒரு கதவுக்கே வாரங்கள் ஆகும். விளிம்புகளில் படலம் மெல்லியது, அங்கே தேய்ந்து உலோகம் தெரிந்தால் தெரியட்டும், தொட்டு மறைக்காதீர்கள். எந்திரப் பாலிஷ் வேண்டாம். வண்ணத் தடிமனை மைக்ரான் கருவியால் சாண் இடைவெளியில் அளந்து, வரைபடமாகப் போட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

பானட்டின் இடப்பக்கம் பட்டிக்கு அடியில் எதுவும் மிஞ்சியிருக்காது. அங்கே புது வண்ணம்தான். பழையதோடு கண்ணுக்கு ஒத்துப்போகும்படி அடித்து, எங்கிருந்து எங்கே வரை புதிது என்று பானட்டின் அடியில் சிறு எழுத்தில் தேதியோடு குறித்து வையுங்கள். பெரியப்பாவின் சிவப்பையும் முழுதாக அழிக்க வேண்டாம். பின்பெட்டி மூடியின் உள்விளிம்பில் ஒரு சாண் விட்டுவையுங்கள்.

இருக்கைத் தோலுக்கு எண்ணெய் தேய்க்கும் யோசனை வந்தால் தள்ளி வையுங்கள். கறுக்கும், தூசி பிடிக்கும். வெடிப்புகளை உள்ளிருந்து மெல்லிய துணி ஒட்டித் தாங்கலாம், அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

ஈயப்பூச்சு எழுதியது:

அந்தப் பானட்டை யாராவது மாற்றிப் புதிதாக வைக்கச் சொன்னால் கேட்காதீர்கள் தம்பி. கடையில் கிடைப்பதில் துவாரங்கள் அழுத்தி எடுத்தவையாகத்தான் பெரும்பாலும் இருக்கும். உங்களுடையதில் ஒவ்வொரு பட்டையும் ஒருவர் உட்கார்ந்து பற்றவைத்தது. இடப்பக்கத்தைப் பட்டி நீக்கி, அடித்தே நேராக்கலாம். முன்சட்டத்தையும் உடனே கைவிடாதீர்கள். குழாய்களில் சுத்தியல் முனையால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று பேசும், கெட்ட இடம் சொத்தென்று கேட்கும். எண் இருக்கும் குறுக்குப் பகுதி நன்றாக இருந்தால், கெட்ட குழாயை மட்டும் மாற்றி அதை வைத்துக்கொள்ளலாம். முடியாத நிலை வந்து வேறு சட்டம் வைத்தாலும், பதிவு அதிகாரிகளின் அனுமதியோடு எண்ணைக் குத்தி, பழைய துண்டைக் காரோடு சேர்த்தே வையுங்கள். தளத்துக்கு முட்டுக் கொடுக்கும் முறையை நானே படம் வரைந்து போடுகிறேன்.

நெடுஞ்சாலை எழுதியது:

ஒரு வேண்டுகோள். ஓட்டும் நிலைக்கு வரும்போது பழைய டயர்களில் ஓட்டாதீர்கள். அவற்றைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். பிரேக், குழாய்கள், எரிபொருள் பாதை எல்லாம் புதிதாக இருக்கட்டும். மற்றபடி, நான் முதலில் சொன்னதில் வண்ணம் பற்றிய பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சிவப்பை எடுக்க ஆள் தேவைப்பட்டால் சொல்லுங்கள். ஒரு கதவை நான் எடுத்துக்கொள்கிறேன்.

தூசிமூடியகார் எழுதியது:

வலது கதவு உங்களுக்கு, அண்ணா. பென்சில் எழுத்து இருக்கும் கதவு.

ஆறுசிலிண்டருக்கு: ஏழு வாரம் எண்ணெய் விட்டேன். நேற்று மாலை ஸ்பானரைப் போட்டு, நீங்கள் சொன்னபடி பலம் காட்டாமல் பிடித்துக்கொண்டே நின்றேன். ஒரு நூலளவு போனது. திரும்ப வந்தது. அங்கேயே நிறுத்திவிட்டு மறுபடி எண்ணெய் விட்டு மூடியிருக்கிறேன்.

ஆறுசிலிண்டர் எழுதியது:

சரியாகச் செய்தீர்கள். இன்னும் பத்து நாள் தொடாதீர்கள். அடுத்த முறை அசைக்கும் முன் மூன்றாவது, நான்காவது சிலிண்டரைக் கேமராவில் பார்த்துப் படம் போடுங்கள்.